நெருள்: நுரை கட்டும் நேரம்

கொதிக்காவிட்டால் ருசி வராது. கொதித்தால் வாசனை தங்காது. மாதுங்காவிலிருந்து கழிமுகம் தாண்டிக் குடியேறிய ரசத்தின் மானம் சில நிமிடங்களிலும் சில டிகிரிகளிலும் இருக்கிறது.

பகல் 11 மணிக்கு நெருளின் செக்டார்களில் நடந்தால் எந்த மாடியில் தமிழ்க் குடும்பம் இருக்கிறது என்பதைப் பெயர்ப் பலகை பார்க்காமலே சொல்லிவிடலாம். மாடிப்படி வழியாக இறங்கி வரும் ரசத்தின் வாசனையே முகவரி. தெருவில் போகிறவருக்கு நாக்கில் நீர் ஊறும். ஆனால் சமையலறையில் கரண்டி பிடித்தவருக்கு அது நல்ல செய்தியல்ல. தெருவுக்கு வந்துவிட்ட வாசனை இலைக்கு வரப்போவதில்லை.

ரசத்தின் பிரச்சினையே இதுதான். அதில் இரண்டு விதமான சரக்குகள் இருக்கின்றன. ஒன்று கொதிக்கக் கொதிக்கத்தான் வழிக்கு வரும். மற்றது கொதித்தால் ஓடிவிடும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில், ஒரே அடுப்பில், கால் மணி நேரத்துக்குள் சமாதானம் செய்து வைக்க வேண்டும். நவி மும்பையின் இந்தப் பகுதியில் இது வீட்டுப் பெண்களின் கைப்பக்குவம் மட்டுமல்ல. டப்பா சாப்பாடு அனுப்பிப் பிழைக்கும் பல குடும்பங்களின் தொழில் ரகசியமும்கூட.

நெருள் பழைய ஊர், புதிய நகரம். ஆக்ரிகளும் கோளிகளும் வாழ்ந்த கிராமம் இன்றும் அதே பெயரில் உள்ளே இருக்கிறது. 1970ல் சிட்கோ நிறுவனம் அமைக்கப்பட்டு, மும்பையின் நெரிசலைக் குறைக்கக் கழிமுகத்துக்கு அக்கரையில் புது நகரம் எழத் தொடங்கிய பிறகு, அந்தக் கிராமத்தைச் சுற்றிச் செக்டார்கள் முளைத்தன. 1992ல் மான்குர்டிலிருந்து வாஷிக்கு ரயில் வந்தது. அடுத்த ஆண்டு அது நெருளைத் தாண்டி பேலாபூருக்கு நீண்டது. ரயில் வந்ததும் மாதுங்கா, செம்பூர், சயான் பகுதிகளில் ஒண்டுக்குடித்தனத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த தமிழ்க் குடும்பங்களின் இரண்டாம் தலைமுறை அக்கரைக்குக் கிளம்பியது. 1932ல் மாதுங்காவில் பள்ளிக்கூடத்தோடு ஆரம்பித்த தென்னிந்தியக் கல்விச் சங்கமும் பின்னாலேயே வந்து நெருளில் பெரிய கல்வி வளாகம் எழுப்பியது. காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதியின் பெயரைத் தாங்கிய அந்த வளாகத்தைச் சுற்றி வாழையிலையும் வெற்றிலையும் விற்கும் கடைகள் வந்தன.

வெளியூர்க்காரர்களுக்கு நெருள் என்றால் டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியம். 2025 நவம்பரில் இந்தியப் பெண்கள் அணி உலகக் கோப்பையை வென்றது இங்கேதான். பறவைப் பிரியர்களுக்கு, குளிர்காலத்திலிருந்து கோடை வரை நீர்நிலைகளில் கூட்டமாக இறங்கும் பூநாரைகள். இங்கே குடியிருப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒரு கணக்கு உண்டு: மாதுங்கா எவ்வளவு தூரம்? ஹார்பர் லைனில் ஜூயிநகர், சான்பாடா, வாஷி தாண்டி, பாலம் கடந்து, செம்பூர் வழியாகக் குர்லா. அங்கே இறங்கி சென்ட்ரல் லைனில் மாறினால் சயான், அடுத்தது மாதுங்கா. காப்பிப் பொடிக்கும் அப்பளத்துக்கும் பூணூலுக்கும் இந்தப் பயணத்தை இன்னமும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ரசத்துக்கு வேண்டிய மிளகும் தனியாவும் சீரகமும் மட்டும் பக்கத்திலேயே கிடைக்கிறது. மும்பை மஸ்ஜித் பந்தரின் மொத்த வியாபாரம் இடம் மாறி வந்த வாஷி மசாலா மார்க்கெட் சில ஸ்டேஷன் தள்ளித்தான்.

சரக்கு பக்கத்தில் இருந்தும் ரசம் மாதுங்கா மாதிரி இல்லை என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. தண்ணீரைக் குறை சொல்வார்கள், புளியைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி கடிகாரம்தான்.

பச்சை வாசனையும் நல்ல வாசனையும்

புளித் தண்ணீர் கொதிக்கத்தான் வேண்டும். எட்டு, பத்து நிமிஷம் மூடாமல் கொதித்தால்தான் பச்சை வாசனை போகும். தக்காளி கரைவதற்கும் உப்பும் புளிப்பும் ஒன்று சேர்வதற்கும் அதே நேரம் வேண்டும். மிளகின் காரமும் கொதிக்கு அஞ்சாது. காரத்தைத் தரும் பைப்பரின் ஆவியாகாத பொருள். அரை மணி கொதித்தாலும் பாத்திரத்திலேயே கிடக்கும்.

மிளகின் மணம் அப்படியல்ல. பைனீன், லிமோனீன், கேரியோஃபிலீன் என்று பெயர் கொண்ட மெல்லிய எண்ணெய்கள் அவை. தனியாவின் மணத்தில் பாதிக்கு மேல் லினலூல் என்ற ஒரே பொருள். சீரகத்துக்குக் குமினால்டிஹைடு. இவற்றின் கொதிநிலை தண்ணீரைவிட மிக அதிகம். ஆனாலும் தண்ணீர் கொதிக்கும்போது நீராவியின் தோளில் ஏறிக்கொண்டு வெளியே போய்விடும். ஊட்டியில் யூகலிப்டஸ் இலையை ஆவியில் வாட்டித் தைலம் எடுக்கிறார்களே, அதே வித்தைதான். அங்கே ஆவியைப் பிடித்து பாட்டிலில் அடைக்கிறார்கள். இங்கே ஜன்னல் வழியாக அனுப்பிவிடுகிறோம். ஆக, ரசத்தை அதிகம் கொதிக்கவிட்டவரின் இலையில் விழுவது மணம் இல்லாத காரம்.

இதனால்தான் ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் விட்டபின் 'கொதிக்க வை' என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. 'நுரை கட்டினதும் இறக்கு' என்பதே உத்தரவு. பருப்பிலுள்ள புரதமும் சப்போனினும் சூடேற ஏற நுரையைப் பிடித்து நிறுத்தும். கொதி வருவதற்குச் சற்று முன்பே ஓரங்களில் மஞ்சள் நுரை திரண்டு நடுவே நகர்ந்து வரும். தெர்மாமீட்டர் இல்லாத சமையலறையில் அந்த நுரைதான் தெர்மாமீட்டர். அது பொங்கி உடைந்தால் நேரம் கடந்துவிட்டது.

இறக்கிய பிறகும் வேலை பாக்கி. மிளகும் சீரகமும் பச்சையாகத் தட்டிப் போடுகிறவர்கள் அப்போதுதான் போடுவார்கள். கொத்தமல்லித் தழையும் அப்போதுதான். தழையின் மணம் தனியாவின் மணமல்ல; அது ஆல்டிஹைடு வகை, இன்னும் சீக்கிரம் ஓடிவிடும். கடைசியாக நெய்யில் கடுகு வெடித்து, பெருங்காயமும் கறிவேப்பிலையும் பொரிந்து மேலே விழும். பெருங்காயத்தின் கந்தக நெடி சூடான நெய்யில்தான் அடங்கி மணமாக மாறும். மிதக்கும் நெய்யும் சும்மா இருப்பதில்லை. மணப் பொருள்கள் தண்ணீரைவிட நெய்யில்தான் அதிகம் கரையும். மேலே படர்ந்த நெய்ப்படலம் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடனே தட்டு போட்டு மூடிவிட்டால் ஆவி தட்டில் முத்து முத்தாகக் கோத்து மறுபடி ரசத்திலேயே விழும்.

முதல் பாதியில் திறந்து வை, இரண்டாம் பாதியில் மூடி வை. ரசத்தின் சாஸ்திரம் இவ்வளவுதான்.

பீர்க்காரர்களின் அதே கவலை

இதே கணக்கை வேறொரு கூட்டம் வேறொரு பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருக்கிறது. பீர் காய்ச்சுகிறவர்கள். மகாராஷ்டிரத்தில் 1949ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்ச முடியாது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அது சட்டம் அனுமதிக்கும் வீட்டுப் பொழுதுபோக்கு. புணேயில் 2009ல் டூலாலி ஆரம்பித்ததிலிருந்து இந்த மாநிலத்திலும் உரிமம் பெற்ற சிறு பீர் ஆலைகள் பெருகிவிட்டன. அங்கெல்லாம் ஓயாத விவாதம்: ஹாப்ஸ் என்ற கொடியின் பூவை எப்போது, எந்தச் சூட்டில் போடுவது?

பீரின் கசப்பு ஹாப்ஸிலிருந்து வருகிறது. அந்தக் கசப்பு வெளிவர ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டும். பூவிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறினால்தான் கசக்கும். ஆனால் ஒரு மணி கொதித்த பூவில் மணம் மிஞ்சாது. ஆகவே கசப்புக்கு ஒரு பிடியை ஆரம்பத்திலும், மணத்துக்கு இன்னொரு பிடியைக் கடைசிப் பத்து, பதினைந்து நிமிஷத்திலும் போடுகிறார்கள். அதிலும் மணம் போகிறது என்று கண்டவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் போட்டார்கள். அதற்கும் மேலே போனவர்கள், காய்ச்சிய சாற்றை 80 டிகிரிக்கு ஆறவிட்டு, பிறகு பூவைப் போட்டு இருபது, முப்பது நிமிஷம் ஊறவைக்கிறார்கள். 80 டிகிரியில் கசப்பு உண்டாகும் வேகம் 100 டிகிரியில் இருப்பதைவிட மிகக் குறைவு. மணம் இறங்கும், கசப்பு ஏறாது. கடைசி வழி, சூடே இல்லாமல் நொதித்து முடிந்த பீரில் காய்ந்த பூவை ஊறப்போடுவது.

வேடிக்கை என்னவென்றால் இருவரும் துரத்துவது அநேகமாக ஒரே பொருள்களை. ஹாப்ஸின் மணத்துக்கு முக்கியமான லினலூல்தான் தனியாவில் இருப்பதும். அதிலுள்ள கேரியோஃபிலீன் மிளகிலும் உண்டு, கறிவேப்பிலையிலும் உண்டு. பீர்க்காரரும் முதல் பாதியில் பாத்திரத்தை மூடுவதில்லை. மால்ட்டிலிருந்து வரும், வேகவைத்த சோளம் போன்ற ஒரு வேண்டாத வாடை போக வேண்டும் என்பது அவர் கவலை. புளியின் பச்சை வாசனைக்குச் சொல்லும் அதே நியாயம்.

இரண்டு சரக்குகளும் கப்பலேறியது ஒரே வழியில்தான், எதிரெதிர்த் திசைகளில். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களுக்காக லண்டனிலிருந்து மாதக்கணக்கில் கடலில் வந்த பீரில், அது கெடாமலிருக்கப் பீப்பாயிலேயே கூடுதலாக ஹாப்ஸ் போட்டு அனுப்பினார்கள். 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் அப்படி வந்தது. இங்கிருந்து போனது மிளகுத்தண்ணி. அது அங்கே மாமிசமும் மாவும் சேர்ந்து 'மல்லிகடாணி' சூப்பானது. 1886ல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி, சென்னை ராஜதானியின் அதிகாரிகளுக்கு இதனாலேயே 'மல்' என்று பட்டப்பெயர் இருந்ததாகச் சொல்கிறது. பம்பாய்க்காரர்களுக்கு 'டக்', பம்பில் மீனின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. மும்பைத் தமிழருக்கு இரண்டு பட்டமும் பொருந்தும்.

மாதுங்காவின் அண்டா

வீட்டில் நாலு பேருக்கு நுரை கட்டி இறக்குவது சுலபம். நாலாயிரம் கரண்டிக்கு என்ன செய்வது? மாதுங்கா இதற்கு வேறு வேறு பதில்கள் வைத்திருக்கிறது.

கிங்ஸ் சர்க்கிளில் 1940லிருந்து நடக்கும் கஃபே மெட்ராஸில் ரசம், சோற்றுக்குத் துணையாக மட்டும் வருவதில்லை. ரச வடை, ரச இட்லி என்று அதுவே பலகாரத்துக்குத் தலைமை தாங்குகிறது. வடை ஊற வேண்டுமானால் ரசம் சூடாக இருக்க வேண்டும். ஸ்டேஷன் அருகே 1942ல் ஆரம்பித்த ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கில் பந்தி பந்தியாகச் சாப்பாடு. உடுப்பிச் சாறு தமிழ் ரசத்துக்குத் தாயாதி. வெல்லம் தொட்டு, புளிப்பைத் தணித்து, இனிப்பை முன்னே நிறுத்தும். தஞ்சாவூர்க்காரர் முதல் கரண்டியில் முகம் சுளித்தாலும் மூன்றாவது கரண்டிக்குக் கையேந்துவார்.

பெரிய அண்டாவின் எதிரி அடுப்பல்ல, நேரம். அடுப்பை அணைத்த பிறகும் அண்டா சீக்கிரம் ஆறாது. வீட்டுச் சொம்பில் பத்து நிமிஷத்தில் அடங்கும் சூடு அண்டாவில் ஒரு மணிக்கு மேல் நிற்கும். அணைத்தவுடன் போட்ட கொத்தமல்லி அங்கே வெந்து கறுத்துவிடும். கல்யாண சமையல்காரர்களின் வழக்கம் இதற்கு மருந்து. மொத்தத்துக்கும் புளித்தண்ணீரைக் கொதிக்கவைத்து நிறுத்திவிடுவார்கள். பந்திக்குப் பந்தி ஒரு பங்கை மட்டும் எடுத்துப் பருப்புத் தண்ணீர் சேர்த்து விளாவி, புதிதாகத் தாளித்து இறக்குவார்கள். கசப்பு ஹாப்ஸை முதலிலும் மண ஹாப்ஸைக் கடைசியிலும் போடும் பீர்க்காரர் இவர்களிடம் கற்க அதிகமில்லை, இவர்களும் அவரிடம்தான்.

மாதுங்காவுக்குப் பக்கத்திலேயே தாராவியில் ரசத்துக்கு வேறு முகம். திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் சந்துகளில் பருப்பு ரசத்துக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. பூண்டும் மிளகும் சீரகமும் அம்மியில் தட்டி, புளித்தண்ணீரில் ஒரே ஒரு கொதி. கறிக்குழம்புச் சோற்றுக்குப் பின்னால் செரிமானத்துக்கு அது. காய்ச்சல் வந்தால் நண்டு ரசம், சளிக்குக் கொள்ளு ரசம். பருப்பு இல்லாததால் இங்கே நுரை அடையாளம் சொல்லாது. வாசனையைப் பார்த்துத்தான் இறக்க வேண்டும். பூண்டின் கார நெடி மாறி மணமாகும் கணம் ஒன்று உண்டு. தட்டிய பூண்டின் நெடிக்குக் காரணமான அல்லிசின் சூட்டில் சீக்கிரம் சிதையும் என்பதால் அந்தக் கணம் வெகு குறுகியது. 2023ல் மறுசீரமைப்புத் திட்டம் அதானி குழுமத்துக்குத் தரப்பட்ட பிறகு, யார் எங்கே போவோம் என்ற கேள்வி தாராவியின் ஒவ்வொரு அடுப்படியிலும் இருக்கிறது. நெருளுக்கு வந்தவர்கள் தாமாக வந்தார்கள். தாராவியிலிருந்து கிளம்புகிறவர்களில் பலருக்கு அந்த வசதி இராது.

டப்பாவின் மூன்று மணி நேரம்

நெருளில் ரசம் உண்மையான சோதனைக்கு ஆளாவது டப்பாவில். பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, செக்டார்களில் தனியாக இருக்கும் முதியவர்கள் அதிகம். முட்டிவலியோடு அடுப்பு முன் நிற்க முடியாதவர்களுக்கு வீட்டுச் சமையல் டப்பாதான் கதி. பல்லில்லாத வாய்க்கும் பசியில்லாத வயிற்றுக்கும் ரசம் சோறுதான் உணவு, மற்றதெல்லாம் பக்கவாத்தியம். வயதானால் மோப்ப சக்தி குறையும் என்பது மருத்துவம் அறிந்த விஷயம். மணம் தெரியாவிட்டால் சாப்பாடு இறங்காது. இறங்காவிட்டால் உடம்பு இளைக்கும். மணம் இங்கே ஆடம்பரம் அல்ல.

ஆனால் 9 மணிக்கு இறக்கிய ரசம் 12 மணிக்கு வாசல் மணியை அடிக்கிறது. நடுவில் என்ன செய்வது? சூடாகவே வைத்திருந்தால் மணம் போகும். ஆறவிட்டால் வேறு ஆபத்து. சூடாகப் பரிமாறும் உணவை 60 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாமல் வைக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. வெதுவெதுப்பில் கிருமிகள் பெருகும், அதிலும் பருப்புத் தண்ணீர் சீக்கிரம் ஊசும், மும்பைப் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். ஆகவே சமையற்காரருக்குக் கிடைக்கும் சந்து குறுகியது: 60க்கு மேல், கொதிக்கு வெகு கீழே. ஹாட்பாக்ஸில் 70 டிகிரி சுமாருக்கு ரசத்தை நிறுத்தி இறுக மூடுவது ஒரு வழி. தாளிப்பையும் தழையையும் குட்டி டப்பாவில் தனியாகக் கொடுத்து, சாப்பிடும் நேரத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்வது அதைவிட நல்ல வழி. பொடியை வாரத்துக்கு ஒருமுறை சிறிதாக அரைப்பதும் உதவும். அரைத்த மிளகும் தனியாவும் மழைக்கால ஈரக்காற்றில் வேகமாகச் சாரமிழக்கும். மாதக்கணக்கில் நின்ற பொடியை எந்த டிகிரியில் போட்டாலும் மணக்காது.

வாங்கிக்கொள்கிறவர் செய்யும் தவறும் உண்டு. ஆறியிருக்கிறதே என்று ரசத்தை மறுபடி தளதளவென்று கொதிக்கவிடுவது. கெடாமல் வந்த ரசத்துக்கு ஓரம் சூடேறி ஆவி பறந்தால் போதும். அதுவரை சமையற்காரர் காப்பாற்றிக் கொண்டுவந்ததெல்லாம் அந்த இரண்டு நிமிஷத்தில் மாடிப்படி இறங்கிவிடும்.

உருகும் சொம்பு

மாதுங்காவிலிருந்து வந்த பல குடும்பங்களின் பரணில் ஒரு ஈயச் சொம்பு இருக்கும். கல்யாணச் சீராகக் கும்பகோணத்திலிருந்து வந்தது. அதில் வைத்தால்தான் ரசம் என்பவர்கள் இன்னும் உண்டு. ருசிக்குக் காரணம் எதுவானாலும், அந்தச் சொம்பு ஒரு ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். காஸ் அடுப்பின் ஜ்வாலை அதைவிடப் பல மடங்கு சூடு. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சொம்பு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றினால் அடி கழன்று அடுப்பில் வழிந்துவிடும். ஆகவே காலிச் சொம்பை ஏற்றக்கூடாது, தீயைப் பெரிதாக்கக்கூடாது, பக்கத்தை விட்டு நகரக்கூடாது. இந்த மூன்று விதிகளையும் பின்பற்றுகிறவர் எந்தப் பாத்திரத்திலும் நல்ல ரசம் வைத்துவிடுவார். புதிதாக வாங்குகிறவர்கள் ஒன்றை விசாரிக்க வேண்டும்: அது வெள்ளீயமா, காரீயம் கலந்ததா? காரீயம் விஷம். புளி அதைக் கரைத்து உள்ளே அனுப்பும்.

நெருளின் புது அடுக்ககங்களில் இண்டக்ஷன் அடுப்புகள் வந்துவிட்டன. ஈயச் சொம்பு அதில் வேலை செய்யாது. ஆனால் அந்த அடுப்பில் டிகிரியை எண்ணாகவே அழுத்தி வைக்கும் வசதி உண்டு. பாட்டி நுரையில் படித்ததைப் பேத்தி பொத்தானில் படிக்கலாம். பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் ரசம் எத்தனை நிமிஷம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போகிறார்கள். நிமிஷம் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறும், அடுப்புக்கு அடுப்பு மாறும். ஊட்டிக்குப் போனால் தண்ணீரே 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். குறித்துக்கொள்ள வேண்டியது நிமிஷத்தை அல்ல. ஓரத்தில் எழும் மஞ்சள் நுரையை. அது நடுவே வந்து சேருமுன் அடுப்பை அணைத்து, மூடி போட்டு, ஐந்து நிமிஷம் திறக்காமல் இருக்க வேண்டும். பசித்தவர்களுக்கு அந்த ஐந்து நிமிஷம்தான் கஷ்டம்.